கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பழைய கமிட்டுக்கு திரும்பிப் போற வழி

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், "நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னைக்கு ஓடல, பழைய நெலமைக்கு எப்படி போறது". அதனால இந்த இதழ் பூரா இதுக்கே ஒதுக்கிட்டேன். புதுசா வர்றவங்களுக்கு: கிட்ங்கறது ஃபைல்ல பண்ற மாத்தத்த எல்லாம் கணக்கு வச்சுக்கிற ஒரு கருவி, ரிப்போங்கறது அது கண்காணிக்கிற ப்ராஜெக்ட் ஃபோல்டர், கமிட்ங்கறது அந்த நேரத்து நெலமைய அதுல சேமிச்சு வைக்கிறது, ஹேஷ்ங்கறது அந்த கமிட்டோட அடையாளக் குறி. கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன், படிக்கிற சத்தத்த வச்சு இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க. 'ரெண்டு கோடு ஹார்ட்'ன்னு இருந்தா ஹைஃபன ரெண்டு தடவ தட்டி இடம் விடாம ஹார்ட்ன்னு அடிக்கணும், 'ஒத்த கோடு'ன்னா ஒரே ஒரு ஹைஃபன், வெறும் 'கோடு'ன்னா நாம எழுதற ப்ரோக்ராம்.

கேள்வி: அண்ணா, நான் லாஸ்பேட்டைல ஒரு சின்ன கம்பெனில ஆறு மாசமா வேலை பாக்குறேன். முந்திரி கடை ஒண்ணுக்கு பில்லிங் ஆப் பண்றோம். பில்லுல ரவுண்டிங் தப்பா வர ஆரம்பிச்சுது, போன வியாழக்கிழமை கோடு நல்லா இருந்துச்சேன்னு கிட் லாக்ல (கமிட் பட்டியல்ல) அந்த ஹேஷ எடுத்து கிட் செக்அவுட் போட்டேன். டிடாச்ட் ஹெட்ன்னு என்னமோ நீளமா வந்துச்சு, படிக்காம விட்டுட்டேன். அங்கயே ரெண்டு நாள் வேலை பாத்து மூணு கமிட் போட்டேன். இன்னைக்கு காலைல கிட் செக்அவுட் மெயின் போட்டதும் அந்த மூணும் காணோம், லாக்லயும் இல்ல, பிராஞ்ச் லிஸ்ட்லயும் இல்ல. ஃபோல்டர அழிச்சுட்டு திரும்ப க்ளோன் பண்ணா (சர்வர்லேர்ந்து புது காப்பி எடுத்தா) வந்துடுமா?
- திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: தம்பி, முதல்ல அந்த ஃபோல்டர அழிக்காதீங்க. அழிச்சிருந்தா ரீசைக்கிள் பின்லேர்ந்து வெளிய எடுங்க. உங்க மூணு கமிட்டும் இந்த நிமிஷம் அந்த ஃபோல்டருக்குள்ளதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல, நீங்க அத சர்வருக்கு புஷ் பண்ணவே (அனுப்பவே) இல்லயே, அப்புறம் க்ளோன் பண்ணா அது எங்கேர்ந்து வரும்.

இப்ப டெர்மினல்ல கிட் ரெஃப்லாக்ன்னு அடிங்க. நீங்க எந்தெந்த கமிட்ல எப்பெப்ப நின்னீங்கன்னு வரிசையா வரும், மேல இருக்கறது கடைசியா செஞ்சது. முதல் வரி நீங்க மெயினுக்கு திரும்புனது, அதுக்கு அடுத்த வரி உங்க மூணாவது கமிட். அந்த வரியோட ஆரம்பத்துல இருக்கிற ஏழெட்டு எழுத்து ஹேஷ காப்பி பண்ணி, கிட் பிராஞ்ச் மீட்பு-ன்னு ஒரு பேரு போட்டு (பேரு உங்க இஷ்டம்) பக்கத்துல அந்த ஹேஷ ஒட்டுங்க. முடிஞ்சுது. மூணாவது கமிட்ட புடிச்சா அதுக்கு முன்னாடி போட்ட ரெண்டும் தானா கூட வந்துடும், ஏன்னா ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்துனது யாருன்னு கைய புடிச்சிக்கினுதான் இருக்கும். அப்புறம் மெயின்ல நின்னு அந்த மீட்பு பிராஞ்ச மெர்ஜ் பண்ணி சேத்துக்கலாம், இல்ல ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னா செர்ரி பிக் போட்டு அந்த கமிட்ட மட்டும் எடுத்துக்கலாம்.

இதுக்கு எவ்ளோ நாள் டைம் இருக்குன்னா, இப்படி எந்த பிராஞ்சோடயும் ஒட்டாம தனியா நிக்கிற கமிட்டுக்கு ரெஃப்லாக்ல வழக்கமா 30 நாள் வரைக்கும் இடம் உண்டு, பிராஞ்சோட ஒட்டி இருக்கறதுக்கு 90 நாள். நீங்களா செட்டிங் மாத்தாத வரைக்கும் இதுதான் கணக்கு. ரெண்டு நாள்ல எதுவும் போயிருக்காது, நிம்மதியா ஒரு டீ குடிச்சுட்டு வந்துகூட பண்ணலாம்.

இப்ப அது ஏன் காணாம போச்சுங்கறத சொல்லணும், இத ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா வாழ்நாள் பூரா பயம் வராது. பிராஞ்ச்ங்கறது ஒரு கமிட்ட சுட்டிக்காட்டுற ஒரு பேரு, அவ்ளோதான். மெயின்ல நின்னு நீங்க கமிட் போட்டா அந்த மெயின்ங்கற பேரு ஒரு அடி முன்னாடி நகரும். ஹெட்ங்கறது நீங்க இப்ப எங்க நிக்கிறீங்கங்கறது. நீங்க ஹேஷ போட்டு செக்அவுட் பண்ணப்போ எந்த பேரு மேலயும் நிக்காம நேரா அந்த கமிட்டு மேல போய் நின்னுட்டீங்க, அதத்தான் அது டிடாச்ட் ஹெட்ன்னு நீளமா சொன்னது. அங்க நின்னு போட்ட கமிட்டுக்கு பேரு கெடையாது. அங்கேர்ந்து கிளம்பினதும் அத கூப்பிட ஒரு பேரு இல்லாம போச்சு. கிளம்பும்போதுகூட "மூணு கமிட்ட பின்னாடி விட்டுட்டு போறீங்க"ன்னு கிட் ஒரு எச்சரிக்கை காட்டி, எப்படி பிராஞ்ச் போடறதுன்னு ஹேஷோட சேத்து சொல்லியிருக்கும். அந்த மாதிரி மெசேஜ் வந்தா தயவு செஞ்சு ரெண்டு நிமிஷம் செலவு பண்ணி படிங்க. மிரட்டற மாதிரி தெரியும், ஆனா அதுல வழி எழுதியிருக்கும்.

அடுத்த தடவ பழைய கோடு மேல உக்காந்து வேலையே பாக்கணும்னா கிட் ஸ்விட்ச் ஒத்த கோடு சி, அப்புறம் ஒரு பேரு, அப்புறம் ஹேஷ். இந்த ஸ்விட்ச், ரீஸ்டோர் ரெண்டும் 2019 ஆகஸ்ட்ல வந்த 2.23 வெர்ஷன்லதான் சேத்தாங்க, அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் செக்அவுட் ஒண்ணுதான், பிராஞ்ச் மாத்தவும் அதே, ஃபைல திரும்ப கொண்டாரவும் அதே, பாதி குழப்பம் அங்கேர்ந்து வந்ததுதான்னு நான் நினைக்கிறேன். உங்க மெஷின்ல பழைய வெர்ஷன் இருந்தா அப்டேட் பண்ணிக்குங்க.

சும்மா பாக்கணும்னா மட்டும், இன்னும் நல்ல வழி வொர்க்ட்ரீ. கிட் வொர்க்ட்ரீ ஆட்ன்னு போட்டு ஒரு புது ஃபோல்டர் பாதையும் ஹேஷும் குடுத்தா, அந்த பழைய கோடு பக்கத்துலயே தனி ஃபோல்டர்ல வந்து நிக்கும். வலது பக்கம் பழசு, இடது பக்கம் புதுசு, ரெண்டையும் ஓட்டி அதே பில்ல ரெண்டுலயும் போட்டு பாக்கலாம். உங்க ரவுண்டிங் கேஸுக்கு இதத்தான் நான் பண்ணியிருப்பேன்.

கேள்வி: நாங்க நாலு பேரு ஒரே ரிப்போல வேலை செய்யறோம். நேத்து சாயங்காலம் ஒரு தப்பான கமிட் மெயின்ல புஷ் ஆயிடுச்சு, ஓட்டல் ஆர்டர் பூரா ரெண்டு ரெண்டா விழுது. ஒருத்தர் ரிவர்ட் பண்ணுங்கறாரு, இன்னொருத்தர் ரீசெட் பண்ணி ஃபோர்ஸ் புஷ் பண்ணா சுத்தமா இருக்கும்ங்கறாரு. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே புரியல.
- நெல்லித்தோப்பு வாசகி

பதில்: ரிவர்ட் பண்ணுங்கம்மா. கண்ண மூடிக்கிட்டு ரிவர்ட்.

சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் பதிவாயிட்டுதுன்னு வைங்க, அதுல தப்பு இருந்துச்சுன்னா யாராச்சும் போய் அந்த பக்கத்த கிழிக்கிறாங்களா? பிழைதிருத்தல் பத்திரம் போடுவாங்க, இல்ல ரத்து பத்திரம் போடுவாங்க, அதுவும் ஒரு புது பத்திரமா வரிசைல பதிவாகும். வில்லங்கம் போட்டு பாத்தா முதல் பத்திரமும் தெரியும், அத ரத்து பண்ணதும் தெரியும், எந்த தேதில யாரு பண்ணதுன்னு எல்லாம் இருக்கும். கிட் ரிவர்ட் அதுதான். தப்பான கமிட் என்னென்ன வரிய சேத்துதோ அத எடுத்துட்டு, எடுத்தத திரும்ப வச்சு, அதையே ஒரு புது கமிட்டா மேல போடும். மத்த மூணு பேரும் சாதாரணமா புல் பண்ணா (சர்வர்லேர்ந்து புதுச எடுத்தா) போதும், யாருக்கும் எதுவும் ஒடையாது.

ரீசெட் அப்படி இல்ல. மெயின்ங்கற பேர புடிச்சு பழைய கமிட்டுக்கு பின்னாடி இழுத்து வைக்கிறது. உங்க லேப்டாப்ல மட்டும் இருக்கிற, இன்னும் புஷ் ஆகாத கமிட்டுக்கு அது ரொம்ப நல்லது, நான் தினமும் பண்றேன். ஆனா புஷ் ஆனத ரீசெட் பண்ணா சர்வர் ஏத்துக்காது, அதுக்குத்தான் வலுக்கட்டாயமா மேல எழுதற ஃபோர்ஸ் புஷ்ங்கறாரு உங்க நண்பர். நீங்க ஃபோர்ஸ் பண்ற அந்த நேரத்துக்குள்ள இன்னொருத்தர் ராத்திரி ஒரு கமிட் போட்டு புஷ் பண்ணியிருந்தா அதுவும் சேந்து சர்வர்லேர்ந்து போயிடும். அதுமட்டுமில்ல, மத்தவங்க லேப்டாப்ல பழைய மெயின் அப்படியே இருக்கும், அவங்க புல் பண்ணி மெர்ஜ் பண்ணி திரும்ப புஷ் பண்ணா நீங்க தூக்கி எறிஞ்ச தப்பான கமிட் பின்வாசல் வழியா உள்ள வந்துடும். எங்க டீம்ல ஒரு தடவ இதேதான் நடந்துச்சு, மூணு தடவ அழிச்சும் அந்த ஒரு கமிட் திரும்ப திரும்ப வந்துக்கினே இருந்துச்சு, காரணம் தெரிய ஒரு நாள் பூரா ஆச்சு. தவிர்க்கவே முடியாம ஃபோர்ஸ் பண்ணணும்னா எல்லார்கிட்டயும் வாயால சொல்லிட்டு, ரெண்டு கோடு ஃபோர்ஸ் வித் லீஸ்ங்கறத போடுங்க (நடுவுல எல்லாம் ஹைஃபன்), நீங்க கடைசியா பாத்ததுக்கு அப்புறம் வேற யாராச்சும் புஷ் பண்ணியிருந்தா அது நிறுத்திடும்.

தப்பான கமிட் ஒண்ணு இல்ல, வரிசையா ஏழெட்டு, நடுவுல மெர்ஜும் இருக்குன்னா ஒவ்வொண்ணா ரிவர்ட் பண்ணி கான்ஃப்ளிக்ட்ல (ஒரே வரில ரெண்டு மாத்தம் மோதிக்கிறதுல) மாட்டிக்காதீங்க. ரிப்போவோட மேல் ஃபோல்டர்ல நின்னு கிட் ரீஸ்டோர், ரெண்டு கோடு சோர்ஸ் ஈக்வல் போட்டு நல்லா இருந்த கமிட்டோட ஹேஷ், ரெண்டு கோடு ஸ்டேஜ்ட், ரெண்டு கோடு வொர்க்ட்ரீ, கடைசில ஒரு புள்ளி. பிராஞ்ச் நகராது, ஃபைலெல்லாம் மட்டும் அந்த நாள்ல இருந்த மாதிரியே ஆயிடும், அதுக்கப்புறம் சேத்த ஃபைல்கூட எடுபட்டுடும். பாத்துட்டு ஒரு கமிட் போட்டு புஷ் பண்ணுங்க. இதுவே பழைய செக்அவுட் கமாண்ட்ல ஹேஷ் போட்டு புள்ளி வச்சு பண்ணா, நடுவுல புதுசா சேந்த ஃபைலெல்லாம் அப்படியே தங்கிடும், அது தெரியாம "பழசுக்கு போயிட்டேன்"ன்னு நினைச்சிக்கினு இருப்பாங்க. ஒரு மெர்ஜ் கமிட்ட மட்டும் ரிவர்ட் பண்றதா இருந்தா ஒத்த கோடு எம், பக்கத்துல 1 போடணும், எந்த பக்கத்த மெயின் பக்கமா வச்சுக்கறதுன்னு அதுக்கு சொல்றது. அப்புறம் ஒரு நாள் அதே பிராஞ்ச சரி பண்ணி திரும்ப மெர்ஜ் பண்ணுவீங்க பாருங்க, அப்ப பழைய வேலை பூரா வராது, ஏன்னா அது ஏற்கெனவே மெர்ஜ் ஆனதுன்னு கிட் நினைக்கும். ரிவர்ட் கமிட்டயே முதல்ல ரிவர்ட் பண்ணணும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். தப்பா போனது பாஸ்வேர்ட் இல்ல கீ மாதிரி ஏதாச்சும்னா ரிவர்ட் பிரயோஜனமில்ல, பழைய கமிட்ல அது அப்படியே இருக்கும், யாரு வேணா பாக்கலாம். முதல் வேலையா அந்த பாஸ்வேர்ட மாத்துங்க, ஹிஸ்டரிய சுத்தம் பண்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல இன்னும் சப்வெர்ஷன்தான் (கிட் மாதிரி இன்னொரு கருவி, சுருக்கமா எஸ்விஎன்). 430-வது ரிவிஷன்ல இருந்தோம், கெட்டுப்போச்சுன்னு எஸ்விஎன் அப்டேட் ஒத்த கோடு ஆர் 412 போட்டேன், கோடு பழசுக்கு வந்துச்சு, ஒரு சின்ன திருத்தம் பண்ணி கமிட் பண்ணா அவுட் ஆஃப் டேட்ன்னு திட்டுது. அப்டேட் பண்ணா திரும்ப கெட்டுப்போன கோடு வந்துடுது. சுத்திக்கினே இருக்கேன் சார்.
- மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: சார், அந்த அப்டேட் உங்க வொர்க்கிங் காப்பிய (உங்க மெஷின்ல நீங்க வேலை பாக்கற ஃபைல) மட்டும்தான் பின்னாடி கொண்டு போச்சு. சர்வருக்கு அது தெரியவே தெரியாது, அங்க 430 தான் கடைசி. நீங்க தொட்ட ஃபைல் 412-க்கு அப்புறம் யாரோ மாத்துனது, அதனால "உன்கிட்ட இருக்கறது பழசு, புதுசு எடுத்துட்டு வா"ன்னு நிறுத்துது. அது சரியாத்தான் பண்ணுது.

வழி இதுதான். நீங்க பண்ண திருத்தத்த எஸ்விஎன் டிஃப் (என்னென்ன மாறுச்சுங்கற பட்டியல்) எடுத்து ஒரு ஃபைல்ல சேமிச்சு வைங்க. எஸ்விஎன் ரிவர்ட் போட்டு காப்பிய சுத்தம் பண்ணிட்டு, சாதாரண அப்டேட் போட்டு 430-க்கு வந்துடுங்க. அப்புறம் எஸ்விஎன் மெர்ஜ் ஒத்த கோடு ஆர் ஹெட் கோலன் 412, கடைசில ஒரு புள்ளி. பெரிய நம்பர் முன்னாடி சின்ன நம்பர் பின்னாடி, அதாவது தலைகீழா மெர்ஜ். 413-லேர்ந்து 430 வரைக்கும் நடந்தது எல்லாம் உங்க காப்பில எதிர்ப்பக்கமா நடக்கும். டிஃப் பாருங்க, ஓட்டிப் பாருங்க, கமிட் போடுங்க, அது 431 ஆகும், உள்ள இருக்கறது 412. நடுவுல 420 ஒண்ணுதான் தப்பு, மத்ததெல்லாம் நல்ல வேலைன்னா மெர்ஜ் ஒத்த கோடு சி மைனஸ் 420, புள்ளி, அவ்ளோதான். அப்புறம் உங்க திருத்தத்த மேல போட்டுக்குங்க.

இங்க எல்லாரும் விழற ஒரு குழி இருக்கு. ரிவர்ட்ங்கற அதே வார்த்தைக்கு ஒவ்வொரு கருவிலயும் வேற அர்த்தம். சப்வெர்ஷன்ல ரிவர்ட்ன்னா கமிட் பண்ணாத மாத்தத்த தூக்கி போடறது. கிட்ல ரிவர்ட்ன்னா எதிர் கமிட் போடறது. மெர்க்கூரியல்ல (இதுவும் கிட் மாதிரி ஒரு கருவி) ரிவர்ட்ன்னா ஃபைலோட உள்ளடக்கத்த பழைய ரிவிஷன்லேர்ந்து கொண்டாரது, எதிர் கமிட்டுக்கு அங்க பேக்அவுட்ன்னு தனி பேரு. ஹெட்ங்கறதும் அதே மாதிரி, கிட்ல ஹெட்ன்னா நீங்க நிக்கிற இடம், சப்வெர்ஷன்ல சர்வர்ல இருக்கிற கடைசி ரிவிஷன். ஒரு ஆபீஸ்லேர்ந்து இன்னொரு ஆபீஸ் மாறுன பசங்க "ரிவர்ட் தானே"ன்னு கை பழக்கத்துல அடிச்சு அன்னைக்கு எழுதுனத பூரா இழந்து நிக்கிறத பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

உங்க கேள்விய படிச்சதும் எனக்கு தானே புயல்தான் ஞாபகம் வந்துச்சு. 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு, அதுக்கப்புறம் எங்க தெருவுல எத்தனையோ நாள் கரண்ட் இல்ல. நான் அப்ப மஞ்சக்குப்பத்துலதான் இருந்தேன், வேலை பூரா சப்வெர்ஷன். சர்வர் இருக்கிற ஆபீஸ் இருட்டா கெடக்கு. ஒருத்தர் வீட்டு ஜெனரேட்டர்ல லேப்டாப்ப சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்தா, கடைசியா எடுத்த காப்பியோட டிஃப் பாக்க முடியுது, ரிவர்ட் பண்ண முடியுது, ஏன்னா அந்த ஒரு காப்பி மட்டும் எஸ்விஎன் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சு இருக்கும். ஆனா லாக் பாக்க முடியல, பழைய ரிவிஷனுக்கு போக முடியல, கமிட்டும் முடியல, எல்லாத்துக்கும் சர்வர் வேணும். கிட் 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதுனது, அதே வருஷம் அதே மாசம்தான் மேட் மேக்கால் மெர்க்கூரியல ஆரம்பிச்சது, ரெண்டுலயும் ஹிஸ்டரி பூரா உங்க லேப்டாப்லயே இருக்கும்ங்கறது அன்னைக்கு எனக்கு படிச்ச விஷயமாத்தான் தெரிஞ்சுது, அந்த பத்து நாளுக்கு அப்புறம்தான் அது எவ்ளோ பெரிய விஷயம்னு உறைச்சுது. உங்க ஆபீஸ்ல மாத்த சொல்லல சார், சப்வெர்ஷன் நல்லா நம்பகமா ஓடுற கருவி. சர்வர் பேக்அப் மட்டும் ஊருக்கு வெளில ஒரு இடத்துல இருக்கான்னு கேட்டு வச்சுக்குங்க, நம்ம ஊரு கடலோரம்.

கேள்வி: கிட் ரீசெட் ரெண்டு கோடு ஹார்ட் அடிச்சுட்டேன். காலைலேர்ந்து எழுதுனது எதையும் கமிட் பண்ணல. ரெஃப்லாக்ல தேடுனா இல்ல. கிட்ல எதுவுமே அழியாதுன்னு சொன்னாங்களே?
- முதலியார்பேட்டை வாசகர்

பதில்: கமிட் ஆனது லேசுல அழியாது, அது உண்மை. கமிட் ஆகாதது கிட்டோட கணக்குலயே வரல, அதுதான் உங்க நெலம. ரீசெட்ல ஹார்ட் போட்டா வொர்க்கிங் காப்பிய எதுவும் கேக்காம மேல எழுதிடும், சாஃப்ட்ன்னா பேரு மட்டும் நகரும், ஃபைல் தொடாது, எதுவும் போடலன்னா மிக்ஸ்ட், அதுவும் உங்க ஃபைல தொடாது.

இருந்தாலும் கை விடாதீங்க. காலைலேர்ந்து எப்பயாச்சும் ஒரு தடவ கிட் ஆட் (அடுத்த கமிட்டுக்கு ஃபைல எடுத்து வைக்கிற கமாண்ட்) போட்டீங்களா? போட்டிருந்தா அந்த நேரத்துல ஃபைல் எப்படி இருந்துச்சோ அது உள்ள இருக்கு. கிட் எஃப்எஸ்சிகே, ரெண்டு கோடு லாஸ்ட் ஹைஃபன் ஃபவுண்ட்ன்னு அடிங்க, டாட் கிட் ஃபோல்டருக்குள்ள லாஸ்ட் ஃபவுண்ட்ன்னு ஒண்ணு வரும், அதுல அதர்ங்கற ஃபோல்டர்ல பேரு இல்லாத ஃபைலா கெடக்கும். நீங்க எழுதுன ஏதாச்சும் ஒரு ஃபங்ஷன் பேர வச்சு க்ரெப் பண்ணி (ஃபைலுக்குள்ள தேடி) கண்டுபுடிங்க. புதுசா உண்டாக்கி ஆடே பண்ணாத ஃபைலுன்னா அது டிஸ்க்லயே இருக்கும், ஹார்ட் ரீசெட் பொதுவா அத தொடாது, கிட் க்ளீன்தான் அத அழிக்கும், அதனால க்ளீன் போடறதுக்கு முன்னாடி எப்பயும் ஒத்த கோடு என் போட்டு எதெல்லாம் போகும்னு ஒரு தடவ பாத்துடுங்க.

ஆடும் பண்ணலன்னா எடிட்டர்தான் கதி. விண்டோவ மூடாம இருந்தீங்கன்னா கண்ட்ரோல் இசட் அமுக்கிக்கினே போங்க, வரும். விஎஸ் கோட்ல இடது பக்கம் கீழ டைம்லைன்னு இருக்கும், நீங்க சேவ் பண்ண ஒவ்வொரு தடவையும் ஒரு காப்பி அதுல இருக்கும், 2022 மார்ச் வெர்ஷன்லேர்ந்து இது இருக்கு. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்னா லோக்கல் ஹிஸ்டரி. இந்த ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா உங்கள காப்பாத்தும்னு நம்புறேன்.

இனிமே பழசுக்கு போகணும்னு தோணுன உடனே, போறதுக்கு முன்னாடி ஒரு கமிட் போடுங்க. மெசேஜ் அழகா இருக்கணும்னு இல்ல, "பாதில நிக்குது"ன்னு போட்டா போதும். புஷ் பண்ணாத வரைக்கும் அத அப்புறம் சாஃப்ட் ரீசெட் போட்டு கலைச்சுக்கலாம். கமிட் ஆகாதத தற்காலிகமா எடுத்து வைக்கிற ஸ்டாஷும் உண்டு, ஆனா ஸ்டாஷ் வழக்கமா புது ஃபைல எடுத்துக்காது, ஒத்த கோடு யூ சேத்தாத்தான் எடுக்கும், அத மறந்து தவிச்சவங்க நெறைய பேரு.

கேள்வி: ஒரே ஒரு ஃபைல மட்டும் போன வாரத்துக்கு கொண்டு போகணும், மத்தது அப்படியே இருக்கணும்.
- பாகூர் வாசகர்

பதில்: கிட் ரீஸ்டோர், ரெண்டு கோடு சோர்ஸ் ஈக்வல் ஹேஷ், ஃபைல் பேரு. வொர்க்கிங் காப்பில அந்த ஃபைல்ல கமிட் பண்ணாத மாத்தம் இருந்தா கேக்காம போயிடும், அத மட்டும் முன்னாடி பாத்துக்குங்க.

கேள்வி: பழைய கமிட்டுக்கு போனா ஆப் ஸ்டார்ட்டே ஆகல. டேட்டாபேஸ்ல ஏதோ காலம் (டேபிள்ல மேலேர்ந்து கீழ வர்ற ஒரு வரிசை) இல்லங்குது. அந்த கமிட்ல அன்னைக்கு நல்லா ஓடிச்சே?
- வில்லியனூர் வாசகி

பதில்: அன்னைக்கு டேட்டாபேஸும் அன்னைக்கு மாதிரி இருந்துச்சு, அதான் ஓடிச்சு. கிட் ஃபைல மட்டும்தான் பின்னாடி கொண்டு போகும், அதுவும் அது கண்காணிக்கிற ஃபைல மட்டும். டேட்டாபேஸ் இன்னைக்கே நிக்குது. நடுவுல ஒரு மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்ப மாத்துற ஸ்கிரிப்ட்) காலம் பேர மாத்தியிருக்கும், பழைய கோடு பழைய பேர கேக்குது.

இதுல வரிசை ரொம்ப முக்கியம்மா. மைக்ரேஷன திரும்ப எடுக்கிற ஸ்கிரிப்ட் எங்க இருக்கு? புது கோட்ல. பழைய கமிட்டுக்கு போயிட்டா அந்த ஸ்கிரிப்டே உங்ககிட்ட இருக்காது, அப்புறம் டேட்டாபேஸ எப்படி கீழ எறக்கறதுன்னு முழிப்பீங்க. அதனால புது கோட்ல நிக்கும்போதே முதல்ல டேட்டாபேஸ டம்ப் (முழு காப்பி) எடுங்க, அப்புறம் மைக்ரேஷன வேணுங்கற அளவுக்கு கீழ எறக்குங்க, அதுக்கப்புறம்தான் செக்அவுட். டம்ப் ஏன்னா, கீழ எறக்கும்போது ஒரு காலத்த தூக்குச்சுன்னா உள்ள இருந்த டேட்டா சேந்து போயிடும், திரும்ப மேல ஏத்தினா காலம் வரும், டேட்டா வராது. இது உங்க லேப்டாப்ல நடந்தா பரவால்ல, கடை ஓடிக்கிட்டு இருக்கிற லைவ் டேட்டாபேஸ்ல தயவு செஞ்சு இப்படி கீழ எறக்காதீங்க, அங்க தப்ப சரி பண்ற புது மைக்ரேஷன் ஒண்ணு எழுதி முன்னாடி போறதுதான் ஞாயம். பாக்கறதுக்கு மட்டும்னா லேப்டாப்ல தனியா ஒரு காலி டேட்டாபேஸ் உண்டாக்கி பழைய கோட அதோட இணைச்சு ஓட்டிப்பாருங்க, அதுதான் சுலபம்.

டாட் என்வ் ஃபைல், நோட் மாட்யூல்ஸ், பில்ட் ஃபோல்டர் இதெல்லாமும் அதே கதைதான், இக்னோர்ல (கிட் கண்காணிக்க வேணாம்னு சொல்லி வச்ச பட்டியல்ல) இருக்கறதால பின்னாடி போகாது. போனதும் பேக்கேஜ ஒரு தடவ திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்குங்க, லாக் ஃபைல (எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு குறிச்சு வைக்கிற ஃபைல) கமிட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா அன்னைக்கு இருந்த அதே வெர்ஷன் வரும். சப்மாட்யூல் (ரிப்போவுக்குள்ள இன்னொரு ரிப்போ) இருந்தா அதையும் தனியா அப்டேட் பண்ணணும்.

கேள்வி: எந்த கமிட்ல கெட்டுச்சுன்னே தெரியல, அறுநூறு கமிட் இருக்கு. எதுக்கு திரும்புறது?
- பண்ருட்டி வாசகர்

பதில்: கிட் பைசெக்ட் ஸ்டார்ட் போடுங்க, இப்ப இருக்கறது பேட், நல்லா ஓடுன ஒரு பழைய ஹேஷ் குட். நடுவுல இருக்கிற ஒண்ணுல அது கொண்டு போய் நிறுத்தும், ஓட்டிப் பாத்து குட்டா பேடா சொல்லுங்க, பாதி கழிஞ்சுடும். அறுநூறுக்கு பத்து தடவ சோதிச்சா ஆள் சிக்கிடும். முடிஞ்சதும் கிட் பைசெக்ட் ரீசெட் போட்டாத்தான் கிளம்புன இடத்துக்கு திரும்பி வருவீங்க, அத விட்டுட்டு அங்கயே வேலை பாத்தா மேல திருப்பாதிரிப்புலியூர் தம்பிக்கு ஆனதுதான் உங்களுக்கும். கமிட் ஒவ்வொண்ணும் சின்னதா இருந்தாத்தான் இது உதவும், ஒரே கமிட்ல நாப்பது ஃபைல் மாத்தி "சில திருத்தங்கள்"ன்னு போட்டிருந்தா கமிட் தெரியும், காரணம் தெரியாது.

கேள்வி: நான் ப்ரோக்ராமர் இல்ல. ரிட்டையர்டு வாத்தியார். எங்க முத்தியால்பேட்டை தெருக்கள் பத்தி, நெசவு இருந்த காலத்துலேர்ந்து பெரியவங்க சொன்னத கேட்டு எழுதிக்கிட்டு வர்றேன். வேர்ட்ல "கடைசி", "கடைசி புதுசு", "இதுதான் கடைசி"ன்னு இருபது ஃபைல் ஆயிடுச்சு, எதுல எந்த பத்திய வெட்டினேன்னு தெரியல. பையன் கிட் போடுங்கறான். எனக்கு சரிப்படுமா?
- முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: ஐயா, உங்களுக்குத்தான் இது முதல்ல சரிப்படும். ஒரு பெரியவர் சொன்ன பத்திய வெட்டிட்டு ரெண்டு மாசம் கழிச்சு அது வேணும்னு தோணும்போது, அந்த பெரியவர்கிட்ட திரும்ப போய் கேக்க முடியாம போகலாம். அந்த பத்தி எங்கயாச்சும் பத்திரமா இருக்கணும்.

ஒரே ஒரு மாத்தம் பண்ணணும். வேர்ட் ஃபைல கிட்ல வைக்கலாம், பழைய காப்பி முழுசா திரும்ப எடுக்கலாம், ஆனா எந்த வரி மாறுச்சுன்னு அதால சாதாரணமா காட்ட முடியாது, ஏன்னா அது உள்ள ஒரு ஜிப் கட்டு. நோட்பேட்ல எழுதற மாதிரி சாதா டெக்ஸ்ட்ல, யூனிகோட் தமிழ்ல, தெருவுக்கு ஒரு ஃபைலா எழுதுங்க. ஒரு வாக்கியம் முடிஞ்சதும் என்டர் தட்டி அடுத்தத புது வரில ஆரம்பிங்க, அப்பதான் எந்த வாக்கியம் மாறுச்சுன்னு தனியா தெரியும், பத்தி பூரா ஒரே வரியா இருந்தா ஒரு கமா மாத்தினாலும் முழு பத்தியும் மாறுன மாதிரி காட்டும். ஏற்கெனவே எழுதினது அப்படி இருந்தா கிட் டிஃப், ரெண்டு கோடு வேர்ட் ஹைஃபன் டிஃப் போடுங்க, வார்த்தை வார்த்தையா காட்டும், தமிழுக்கும் நல்லா வேலை செய்யும்.

அந்த இருபது ஃபைலையும் அழிச்சுடாதீங்க. தேதி வரிசைல ஒவ்வொண்ணா டெக்ஸ்டா மாத்தி ஒரே பேருல மேல மேல போட்டு கமிட் பண்ணிக்கிட்டே வாங்க, பையன ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்கார வச்சுக்குங்க. முடிச்சப்போ இருபது நிலையும் ஒரே ஃபைலோட ஹிஸ்டரியா இருக்கும். கமிட் மெசேஜ தமிழ்லயே எழுதலாம், "தறி சத்தம் பத்தி சொன்ன பத்திய எடுத்தேன், ரொம்ப நீளம்"ன்னு காரணத்தோட எழுதுங்க, தேடும்போது அந்த காரணம்தான் உங்களுக்கு வழி காட்டும். அச்சுக்கு யாருக்காச்சும் குடுக்கற அன்னைக்கு ஒரு டேக் போட்டுடுங்க, ஹேஷ் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல, டேக் பேர சொன்னா அந்த நாளுக்கு போயிடலாம்.

ஃபைல் பேரையும் தமிழ்ல வச்சீங்கன்னா முதல் நாளே பயந்துடுவீங்க, கிட் ஸ்டேட்டஸ்ல அது தமிழா வராது, பின்சாய்வு கோடும் மூணு மூணு நம்பருமா ஒரு வரி பூரா வரும். ஃபைல் கெட்டுப்போகல ஐயா, காட்டற விதம் அப்படி. கிட் கான்ஃபிக் ரெண்டு கோடு குளோபல், கோர் புள்ளி குவோட்பாத், ஃபால்ஸ்ன்னு பையன ஒரு தடவ அடிக்க சொல்லுங்க. அடுத்து ஸ்டேட்டஸ் போட்டா உங்க தெருப்பேரெல்லாம் தமிழ்லயே வரிசையா நிக்கும்.